புதுத் துடைப்பத்தைப் பிரித்த காலை

அன்று காலை கடை வாசலில் இருந்தவர்கள் இவர்கள்.

நான், ஸ்டெல்லா. கடைப் பொறுப்பு என்னுடையது.

கௌசல்யா. பில் போடுபவள்.

பாபு. நம் லோடு ஆட்டோ ஓட்டுபவன். கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பழைய சாமான் ஏற்றி வருவான்.

ராணி. பெருக்குபவள். கையில் புதுத் துடைப்பம்.

எதிர் டீக்கடைக்காரர். தன் கடையைத் திறக்காமல் நம் கடையை வேடிக்கை பார்க்க வந்தவர்.

ஒரு நாய். கடை மூடியிருந்த மூன்று மாதமும் நம் வாசல்படியில் படுத்து, படி தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டது.

அப்புறம் வரிசை. அதை எண்ண முடியவில்லை. சிப்காட் ரோடு திரும்பும் இடம் வரை போய், திரும்பி, அதற்கு அப்பாலும் போயிருந்தது.

பத்து மணிக்குத்தான் திறப்பு என்று போர்டு எழுதி மாட்டியிருந்தோம். அப்போது மணி ஏழுகூட ஆகவில்லை.

மூன்று மாதம் சாவியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவள் நான். அவ்வளவு ஆட்களைப் பார்த்ததும் ஓடிப்போய் ஷட்டரைத் தூக்க வேண்டும் போல் இருந்தது. கௌசல்யா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, மாஸ்க்கு."

மாஸ்க்கு என் கையில் இருந்தது. மூஞ்சியில் இல்லை. அவ்வளவு அவசரம்.

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஷெல்ஃப் அடுக்குவது, பில் மிஷின், இதெல்லாம் கௌசல்யா சொல்லித் தருவாள். நான் சொல்வது ஒரே ஒரு காலை பற்றி.

நம் கடையின் கணக்கு சின்னது. தானமாக வரும் பழைய சாமானைச் சுத்தம் செய்து, குறைந்த விலைக்கு விற்கிறோம். அதில் நிற்பதை வைத்து, செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு மதியம் சோறு போடுகிறோம். கடை திறந்தால் சோறு. கொரோனாவில் கடை மூடியது. சோறும் நின்றது. சூளைப் பக்கம் பாபு ஆட்டோ போனால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வருமாம். பிறகு அவன் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டான்.

திறக்கலாம் என்று அரசாங்கம் சொன்னதும், கடையை நடத்தும் அறக்கட்டளையின் டிரஸ்டி சார் போன் பண்ணினார்.

"ஸ்டெல்லா, ஒரு நாள் திறந்து பாருங்க. உள்ள அஞ்சு பேருக்கு மேல கூடாது. வர்ற சாமான மூணு நாள் தனியா வெக்கணும். யாரும் எதையும் போட்டுப் பாக்கக் கூடாது. கூட்டம் கூடி சீல் வெச்சாங்கன்னா, அதோட விட்டுருவோம். பில்டிங் ஓனர் குடோனுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கார்."

"சரி சார்" என்றேன். பக்கத்து ஜவுளிக் கடைக்குப் போன வாரம்தான் சீல் வைத்திருந்தார்கள். அந்த அரக்கு இன்னும் பளபளவென்று இருந்தது.

வரிசை எதற்கு என்று கேட்பீர்கள். ஷூவுக்கு.

இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூ இல்லாமல் இங்கே எந்த உருக்காலையும் ஆளை கேட்டுக்குள் விடாது. நிரந்தர ஆளுக்குக் கம்பெனி வருடா வருடம் புதுசு கொடுக்கும். பழசு மூட்டையாக நமக்கு வரும். கான்ட்ராக்ட் ஆள் நம்மிடம் வாங்குவார். மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்குக் கம்பெனிகள் ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி பரவியிருந்தது. மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்தவர்கள். ஷூ விற்றுத் தின்றவர்களும் அதில் இருந்தார்கள்.

நாங்கள் ஒரு வாரமாக மொட்டை மாடியில் அத்தனை ஷூவையும் துடைத்து, கயிறு துவைத்து, வெயிலில் வைத்திருந்தோம். வரிசை வரிசையாக. ஆள் இல்லாத பட்டாளம் மாதிரி நின்றது. ரோட்டில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு போனார்கள். நாங்கள் தனியாக விளம்பரம் எதுவும் செய்யவில்லை.

பத்து மணி வரை காத்திருக்க முடியாது என்று தெரிந்தது. எட்டுக்கே திறந்தேன்.

வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தோம். ஆளுக்கொரு வட்டம். முதல் வட்டத்தில் நின்றவர் ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து விடியுமுன் பைக்கில் கிளம்பி வந்தவர்.

"இன்னா நம்பரு?" என்றேன்.

"எட்டு. இல்ல, ஒம்போதா? தெரியலக்கா. போட்டாத்தான் தெரியும்."

ஷூவைப் புரட்டிப் பார்த்தேன். பழைய ஷூ. அடியில் நம்பர் தேய்ந்து போயிருந்தது. எல்லா ஷூவிலும் அப்படித்தான். ஒரு வாரம் துடைத்தோம், யாருக்கும் அது தோன்றவில்லை.

அவர் படியில் உட்கார்ந்து காலை விட்டார். சேரவில்லை. கழற்றி வைத்தார். அதைப் பின்னால் நின்றவர் எடுத்தார். அவரும் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து நாலு பேர். நாலு பேரைப் பார்த்து மொத்த வரிசையும் முன்னால் சாய்ந்தது. வட்டம் எல்லாம் காலுக்கடியில் போய்விட்டது. ஷூ கைமாறுகிறது, கால் மாறுகிறது, ஒருவர் மூச்சு ஒருவர் கழுத்தில். இரண்டு நிமிஷம் இருக்கும்.

அந்த இரண்டு நிமிஷத்தில்தான் சுகாதார ஆய்வாளர் பைக்கை நிறுத்தினார்.

அவர் கத்தவில்லை. கண் சிவந்து, தூக்கம் இல்லாத மூஞ்சி. அது இன்னும் பயமாக இருந்தது.

"ஏம்மா, இன்னா இது? ஒருத்தன் கால் போட்டத இன்னொருத்தன் போடறான். இதான் உங்க சேஃப்டியா?"

நான் மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்து விட்டேன்.

"நல்ல காரியம் பண்றீங்கன்னு தெரியும். அதனால இப்ப சீல் வெக்கல. மதியம் வருவேன். உள்ள அஞ்சு தலை, உங்க ஆளுங்களயும் சேத்து. ஆறாவது தலை தெரியக் கூடாது. ஒருத்தர் காலு ஒருத்தர் ஷூவுல போவக் கூடாது. போனா, அந்த ஜவுளிக் கடைதான் நீங்களும்."

போய்விட்டார்.

நான் ஷட்டரை இறக்கினேன். முழுசாக. தரை தொட. கால் பட்ட ஷூவையெல்லாம் பாபு தனி மூட்டையாகக் கட்டிப் பின்னால் ஒதுக்கினான்.

வரிசை கூச்சல் போட்டது. "இன்னாக்கா, தொறந்த ஒடனே சாத்தற?" "ராத்திரியே கிளம்பி வந்துகீறோம்!" "சும்மா பேஜாரு பண்ணாத!" ஒருவர் ஷட்டரை ஓங்கித் தட்டினார். நாய் எழுந்து அவரைப் பார்த்துக் குரைத்தது. எங்கள் பக்கம் நின்றது அது ஒன்றுதான்.

இதை நன்றாக மனசில் வையுங்கள். கூட்டம் கை மீறிப் போனால் கூட்டத்தோடு சேர்ந்து ஓடாதீர்கள். நிறுத்துங்கள். திட்டு வாங்குங்கள். திட்டு ஒட்டாது. நின்று யோசிக்கிற ஐந்து நிமிஷம் யாரும் கொடுக்க மாட்டார்கள், நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டிரஸ்டி சாருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"போதும் ஸ்டெல்லா. மூடிட்டு எல்லாரையும் அனுப்பிருங்க."

"பத்து நிமிஷம் சார்."

"பத்து நிமிஷத்துல என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியல சார்." வைத்துவிட்டேன்.

உண்மையில் தெரியவில்லை. அளவு பார்க்காமல் கொடுக்கலாமா என்றான் பாபு. கூடாது. உருக்காலையில் லூஸ் ஷூ போட்டவன் தடுக்கி எங்கே விழுவான் என்று எனக்குத் தெரியும். சிறிய ஷூ போட்டவன் மதியத்துக்குள் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நிற்பான். அதற்கு ஷூ இல்லாமலே இருக்கலாம்.

வெளியே மறுபடி ஆட்களை வட்டத்தில் நிற்க வைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவராக. தோளைத் தொடாமல், கையை ஆட்டி. அப்போது வரிசையில் ஒரு வாயாடி கத்தினான்.

"அக்கா! காலு ஷூவுக்குள்ள போவக் கூடாது. அளவு பாக்காம ஷூவு வெளிய வரக் கூடாது. அப்ப இன்னா பண்றது? கால வெட்டி பார்சல் போட்டு உள்ள அனுப்பவா?"

வரிசையே சிரித்தது. டீக்கடைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. ராணியின் கையைப் பார்த்தேன்.

என் பிள்ளைகளுக்கு நான் செருப்பு வாங்கியது எப்படி? ஆரணிக் கடைத்தெருவுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. துடைப்பத்திலிருந்து ஒரு குச்சி உருவுவேன். பிள்ளை காலில் வைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் வரை அளந்து ஒடிப்பேன். குச்சியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போவேன். கடைக்காரர் செருப்பு மேல் குச்சியை வைத்துப் பார்ப்பார். சரி. அந்த வரிசையில் நின்ற ஆட்களில் பாதிப் பேருக்கு அவர்கள் அம்மா அப்படித்தான் செருப்பு வாங்கியிருப்பாள்.

கால் வர வேண்டாம். அளவு வந்தால் போதும்.

"ராணி, தொடப்பத்தப் பிரி."

"அக்கா, புதுசு! இப்பத்தான் வாங்கிக்கினு வந்தேன். இன்னும் ஒரு பெருக்குகூடப் பெருக்கல."

"அதான் வேணும். பிரி."

"பழசு உள்ள கீது, அதப் பிரிக்கலாமே."

"பழசு ஊரையே பெருக்கினது. பிரிடீ."

அவள் கட்டை அவிழ்த்த விதம், தாலிக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னது மாதிரி. கையுறை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு குச்சி நீட்டினாள். நான் வாசலில் நின்று கத்தினேன்.

"உன் வட்டத்துல நில்லு! குதிகால்ல ஒரு முனை வையி! பெருவிரல்கிட்ட ஒடி! மிச்சத்த ரோட்ல போடாத, பாக்கெட்ல போடு!"

பிள்ளைகளே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிப்காட் ரோடு திரும்பும் வரைக்கும் அத்தனை ஆம்பளைகளும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, குச்சி ஒடிக்கிறார்கள். பட், பட், பட் என்று சத்தம்.

ஷட்டரை இடுப்பு உயரத்துக்கு மட்டும் தூக்கினேன். வாடிக்கையாளர் ஒருவரும் உள்ளே இல்லை. வாசலில் ஒரு மேசை. மேசை மேல் தட்டு. ஒருவர் வந்து தட்டில் குச்சியை வைத்துவிட்டுத் தன் வட்டத்துக்குத் திரும்புவார். பாபு கையுறையோடு எடுத்து ஷூவுக்குள் விட்டுப் பார்ப்பான். பொருந்தியதைக் கௌசல்யா பில் போட்டு மேசையில் வைப்பாள். குச்சி பக்கெட்டுக்குப் போகும்.

முதல் ஜோடி ஆர்.கே.பேட்டைக்காரருக்கு. வட்டத்திலேயே நின்று போட்டுக்கொண்டு தரையில் ஓங்கி மிதித்தார். டொம்மென்று கேட்டது. வரிசை முழுக்க விசில். கௌசல்யா உள்ளே குதித்தாள். எனக்கும் குதிக்க வேண்டும் போலிருந்தது. வயசு விடவில்லை.

வேகம் பிடித்துவிட்டது. குச்சி போகிறது, ஷூ வருகிறது. குச்சி, ஷூ. பாபு உள்ளேயிருந்து ஏலம் போடுவது மாதிரி கத்துகிறான். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அரை மணி கழித்துக் கௌசல்யா என் கையைச் சுரண்டினாள்.

"அக்கா, அங்க பாரு. போனவங்கல்லாம் நொண்டிக்கினு வராங்க."

ஆறு பேர். ஆர்.கே.பேட்டைக்காரர்தான் முன்னால். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, நிக்கறப்போ சரியா இருந்துச்சி. நடந்தா வெரல நசுக்குது."

தப்பு எங்கே என்று புரிய எனக்கு நேரம் ஆனது. நாங்கள் எல்லாரும் ஆயுசு முழுக்கக் குச்சியில் அளந்து வாங்கியது செருப்பு. செருப்பு திறந்தது. விரல் கொஞ்சம் முன்னால் வந்தாலும் ஒன்றும் ஆகாது. இது மூடிய ஷூ. மூக்கில் இரும்பு. உள்ளே சாக்ஸ் வேறு. நடந்தால் கால் முன்னால் போய் இரும்பில் இடிக்கும். குச்சி அளந்தது செருப்பின் அளவை.

வரிசையில் ஆரம்பாக்கம் பக்கத்து ஆள் ஒருவர், தெலுங்கு கலந்து பேசுகிறவர், சத்தமாகச் சொன்னார்.

"நைனா, கட்டை வெரல் அகலம் வுட்டு ஒடிங்க! அப்பத்தான் காலு மூச்சு வுடும்!"

"வாய்ல மாஸ்க் இல்லாம நீ மூச்சு வுடாத" என்றான் அந்த வாயாடி. மறுபடி சிரிப்பு.

சரி. கட்டை விரல் அகலம் சேர்த்து மறுபடி ஒடிக்கச் சொன்னேன். துடைப்பத்தில் குச்சி பாதிதான் மிச்சம். ராணி கணக்காகக் கொடுத்தாள். வந்த ஆறு பேருக்கும் வேறு ஜோடி கொடுத்தோம். திருப்பி வந்த ஆறு ஜோடியைப் பாபு துணியால் துடைக்க எடுத்தான்.

"அஞ்சு நிமிஷம்தான அக்கா போட்டாங்க. தொடச்சி வித்துடலாம். ஸ்டாக்கு பத்தாது."

"மாடிக்குக் கொண்டுபோ. மூணு நாளு."

"யாருக்கு அக்கா தெரியப் போவுது?"

"மாடிக்கு."

போனான். முணுமுணுத்துக்கொண்டே போனான். பரவாயில்லை.

வெயில் ஏறியது. வரிசை குறைந்தது. ஷூவும் குறைந்தது. பன்னிரண்டு மணி வாக்கில் பத்துப் பதினைந்து பேர் மிச்சம். அதில் ஒரு பெண். அத்திப்பட்டிலிருந்து தம்பி பைக்கில் வந்தவள். பெயர் தனம். மின் நிலையத்தில் சாம்பல் கூட்டும் கான்ட்ராக்ட் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் ஆறு மணிக்குக் கேட்டில் நிற்க வேண்டும்.

அவள் குச்சியைத் தட்டில் வைத்தாள். பாபு எடுத்துப் பார்த்தான். அது குட்டிக் குச்சி.

"அக்கா, இவ்ளோ சின்னது இல்ல. எல்லாம் ஆம்பளைங்க ஷூவு." பிறகு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. "மாடில ஒண்ணு கீது. காலைல அந்த ஒல்லி ஆளு போட்டுட்டுத் திருப்பிக் குடுத்தது."

தனத்தின் காதில் விழுந்துவிட்டது.

"அதயே குடுக்கா. எனக்கு ஒண்ணும் ஆவாது."

"இல்லம்மா. மூணு நாள் ஆவணும்."

"மூணு நாள்ல வேற ஆள எடுத்துடுவாங்க. ஊட்ல ரெண்டு பசங்க கீறாங்க. அவரு வேலையும் போச்சி. அக்கா, கும்புடறேன், குடு."

"குடுத்துடுக்கா" என்றது வரிசை. காலையில் என்னைத் திட்டிய அதே வரிசை. இப்போது எல்லாரும் அவள் பக்கம்.

நான் நின்றேன். அந்த ஜோடியைக் கொடுத்தால் அவள் வேலைக்குப் போவாள். அனேகமாக ஒன்றும் ஆகாது. அனேகமாக. ஆனால் ஒரு தடவை இளகினால் அந்த விதி அன்றோடு செத்தது. பாபு பார்க்கிறான், ராணி பார்க்கிறாள், வரிசை பார்க்கிறது. நாளைக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு ஞாயம் இருக்கும். எல்லாம் உண்மையான ஞாயமாகவும் இருக்கும்.

"இல்ல" என்றேன்.

தனம் அழவில்லை. என் மூஞ்சியையே பார்த்தாள். அழுதிருந்தால் சுலபம்.

தூரத்தில் பைக் சத்தம். ஆய்வாளரின் பைக் அது, கடை கடையாக நின்று நின்று வந்தது. காலையிலிருந்து அந்தச் சத்தத்துக்கே காது வைத்திருந்தேன்.

நான் தலையைக் குனிந்தேன். என் கால் தெரிந்தது. ரப்பர் செருப்பு.

ஏன் செருப்பு? மூட்டை இறக்குகிற நாளில் நானும் சேஃப்டி ஷூதான் போடுவேன். அன்று காலை அவசரத்தில் மாற்றிக்கொள்ளவே இல்லை. அது எங்கே?

"கௌசல்யா! பில் மேசைக்கு அடியில என் ஷூ கீதா பாரு!"

கடை மூடிய நாளில் கழற்றிப் போட்டது. மூன்று மாதமாக ஒருத்தர் காலும் படாதது. ஐந்தாம் நம்பர். கௌசல்யா தூசியோடு தூக்கிக்கொண்டு வந்து தலைகீழாகத் தட்டினாள். உள்ளேயிருந்து ஒரு பல்லி விழுந்து ஓடியது.

"அக்கா, பல்லி ட்ரையல் பாத்துட்டுது!" என்று வாயாடி கத்தினான். ஷூ வாங்கிய பிறகும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றிருந்தான்.

பாபு ஸ்பிரே அடித்துத் துடைத்தான். தனத்தின் குச்சியை உள்ளே விட்டான். விரல் அகலம் சேர்த்து ஒடித்த குச்சி கச்சிதமாகப் பொருந்தியது.

"அக்கா, உனக்கு?" என்றாள் கௌசல்யா.

"என்ன எந்தக் கேட்ல நிறுத்தப் போறாங்க? பில் போடு."

தனம் போட்டுக்கொண்டாள். கயிற்றை இறுக்கிக் கட்டினாள். ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. பிறகு அந்தப் பெண், வெயிலில், சுண்ணாம்பு வட்டத்துக்குள், இரண்டு காலாலும் ஒரு குதி குதித்தாள். புடவையோடு. வரிசை கை தட்டியது. ராணி மிச்சக் குச்சிகளைத் தூக்கி ஆட்டினாள்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் ஆய்வாளர் பைக்கை நிறுத்தினார். வட்டத்துக்கு ஒருவராக நின்ற ஆட்களைப் பார்த்தார். ஒவ்வொரு கையிலும் நிமிர்ந்து நின்ற குச்சியைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, எல்லார் கைலயும் குச்சி?"

"காலு சார்."

"காலா?"

"அளவு சார். காலு உள்ள போவல."

தட்டைப் பார்த்தார். பக்கெட்டைப் பார்த்தார். மாடியில் தனியாக நின்ற ஆறு ஜோடியை நிமிர்ந்து பார்த்தார். அது என்னவென்று கேட்டார், சொன்னேன். ஷட்டர் பக்கம் நடந்தார்.

அதற்குள் ராணி வெயில் தாங்காமல் உள்ளே போயிருந்தாள். வாடிக்கையாளர் யாராவது பின் பக்கமாகப் போயிருந்தால்? பாபு யாரையாவது விட்டிருந்தால்? எனக்கு அந்த நேரத்தில்தான் அது தோன்றியது. நான் வெளியே நின்றேன்.

அவர் இடுப்பு உயர ஷட்டருக்கு அடியில் குனிந்தார். விரலை நீட்டினார். உள்ளே நிழலில் படுத்திருந்த நாயை விட்டுவிட்டு எண்ணினார்.

மூன்று. கௌசல்யா, பாபு, ராணி.